பைக் கிளவுஸ்: தோலா, வலைத்துணியா? கொஞ்சம் சொல்லுங்களேன்

போன வாரம் ஒரு திருப்பத்தில் மணல் சறுக்கி விழுந்தேன். வேகம் ஒன்றும் பெரிதில்லை, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டிருந்தேன், கையில் மட்டும் ஒன்றும் இல்லை. விழும்போது யோசிக்கவா செய்கிறோம், கை தானாகப் போய்த் தரையில் ஊன்றிவிட்டது. உள்ளங்கையின் அடிப்பக்கம் தோல் உரிந்து, இப்போது சட்டைப் பொத்தான் போடக்கூட இடது கைதான்.

அதனால் கிளவுஸ் தேடுகிறேன். அந்த இடத்தில் வழுவழுப்பான கெட்டி பிளாஸ்டிக் வைத்தது நல்லதாம், கை தரையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் சறுக்கிப் போகும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 13594-இல் 1, 2 என இரண்டு நிலைகள். விரல் முட்டிக்கான சோதனையிலும் தேறியிருந்தால் கேபி என்று போட்டிருக்கும். இதுவரை சரி.

குழப்பம் இங்கேதான். தோல் கிளவுஸ் போட்டால் பத்தே நிமிடத்தில் கை வேர்த்து ஊறிவிடுகிறது, கிளட்ச் பிடிப்பதும் விரலுக்குச் சரியாகத் தெரியவில்லை. வலைத்துணி காற்றோட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் தார்ச்சாலையில் உரசினால் தாங்குமா? உள்ளங்கை தோல், மேலே வலை என்று வருகிறதே, அதைப் போட்டுக்கொண்டு விழுந்தவர்கள் யாராவது உண்டா (புதிதாக யாரும் விழ வேண்டாம்)? அப்புறம், அளவு கொஞ்சம் இறுக்கமாக வாங்கினால் போகப்போகத் தளருமா?