புதுப்பிப்பு: பில்லியர்ட்ஸ் கியூவுக்குள் (பந்தடிக்கும் கோலுக்குள்) வந்த அந்த 'கிர்ர்' சத்தம்
கையால் செய்த என் 19 அவுன்ஸ் கியூவில், பந்தை ஓங்கி அடித்தால் உள்ளே ஏதோ அதிர்கிறது, கோலின் இரு பாதிகளையும் சேர்க்கும் இணைப்பு பின் ஆடுகிறதோ என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் அந்தப் பின் இல்லை! சிலர் சொன்னபடி அடிமுனை ரப்பரைக் கழற்றினேன். உள்ளே கியூவுக்கு எடை கூட்டும் போல்ட் அரைச் சுற்று தளர்ந்து கிடந்தது. ஆலன் சாவியால் இறுக்கினேன். ரொம்ப முறுக்கவில்லை, மரம் பிளந்துவிடுமோ என்ற பயம்தான்.

அப்புறம், ஷாஃப்ட் (கியூவின் மெல்லிய முன்பாதி) வளைந்துவிட்டது என்று புலம்பியிருந்தேனே? தனியாக மேசையில் உருட்டினால் நேராகத்தான் ஓடுகிறது. அடிப்பாதியோடு மாட்டினால்தான் ஆடுகிறது. இணைப்பு முகத்தில், கியூ நுனியில் தேய்க்கும் சாக் தூள் மெழுகுபோலப் படிந்திருந்தது. துடைத்ததும் சரியாகிவிட்டது.

இப்போது 'டக்' என்று ஒரே சத்தம். விற்கப் போவதாகச் சொன்னதை மறந்துவிடுங்கள்.