ஃபோர்க்கை சர்வீஸ் செய்வதா, மேம்படுத்துவதா? ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. என் மலை சைக்கிளில் 120 மி.மீ. டிராவல் (அமுங்கும் தூரம்) உள்ள ஏர் ஃபோர்க் (காற்றழுத்தத்தில் இயங்கும் முன்சக்கர சஸ்பென்ஷன்) இருக்கிறது. இப்போதெல்லாம் சின்னச் சின்ன கல், வேர் எதையும் அது வாங்கிக்கொள்வதே இல்லை. அதிர்வு நேராக மணிக்கட்டுக்கு வருகிறது. பெரிய அடி விழுந்தால்தான் அசைகிறது. ஓட்டி முடித்துப் பார்த்தால் மேல்குழாயைச் சுற்றி எண்ணெய் வளையம். காற்றழுத்தம் குறையவில்லை, சேக் (நான் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் அமுங்கும் அளவு) 20 சதவீதம், குழாயில் கீறலும் இல்லை. அதனால் டஸ்ட் சீல் (தூசி புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), அதற்குக் கீழே இருக்கும் ஃபோம் வளையம் இரண்டின் மீதும்தான் சந்தேகம்.

பொதுவாக 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்க்கால்களை (மேல்குழாய்கள் உள்ளே நுழையும் பகுதி) கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். அதை நானே செய்து பழக மிகவும் ஆசை. கீழ் போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டிக் கழற்றுவது வரை புரிகிறது. புது சீலை நேராக அழுத்திப் பொருத்தத் தனிக் கருவி வாங்கியே ஆக வேண்டுமா? சரியான அளவு சாக்கெட் போதுமா?

அப்புறம், ஏர் ஷாஃப்ட்டை (டிராவலைத் தீர்மானிக்கும் உள்தண்டு) மாற்றி டிராவலை 130 மி.மீ. ஆக்கலாமா என்றும் யோசனை. பிரேமுக்கு அதுவரை அனுமதி உண்டு. ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம்) அரை டிகிரி போலச் சாயும், பெடல் மையமும் கொஞ்சம் உயரும். என் எண்ணம், அந்தப் பணத்தை நல்ல டேம்பரில் (ஃபோர்க் அமுங்கி விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) போடுவதே மேல். கரடுமுரடான இறக்கத்தில் சக்கரம் தரையை விடாமல் பிடிக்க அதுதான் அதிகம் உதவும். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் இருந்தால், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கியதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் எடை 78 கிலோ.