ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம்தான், ஆனால் வீடு வேண்டும்

வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு விசா தேவையில்லையாமே, கிளம்பி வந்துவிடலாமா என்று கேட்ட தம்பிக்கு. தேவையில்லை என்பது உண்மைதான். 1920-ல் பாரிசில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் தீவுகள் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும், எந்த நாட்டுக்காரரும் வந்து வேலை பார்க்கலாம். ஆனால் விமானம் ஓஸ்லோ அல்லது ட்ரோம்சோ வழியாகத்தான் வருகிறது, அது ஷெங்கன் மண், அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் பகுதி; ஸ்வால்பார்டு அதில் சேராது. வரும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை அங்கே நுழைய வேண்டும், அதனால் இருமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் வீடு. இங்குள்ள முக்கிய ஊரான லாங்யியர்பியன் சுமார் 2,500 பேர் வாழும் இடம், வீடுகளில் பெரும்பாலானவை வேலை கொடுப்பவர்கள் கையில். வேலை போனால் வீடும் போகும். உதவித்தொகை எதுவும் கிடையாது, கையில் காசில்லாதவரை ஆளுநர் அலுவலகம் திருப்பி அனுப்பலாம். இங்கே கழித்த வருடங்கள் நார்வேயில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான கணக்கிலும் சேராது. மனைவி கர்ப்பமாக இருந்தால் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே நார்வேயின் பெருநிலப் பகுதிக்குப் போய்விட வேண்டும், இங்கே பிரசவம் பார்ப்பதில்லை.

ஊர் 78 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே நிலம் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும், கோடையில் அதன் மேல் அடுக்கு மட்டும் இளகும், அதனால் வீடுகளைத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டியிருப்பார்கள். மலையடிவாரம் வேறு. 2015 டிசம்பரில் பனிச்சரிவு வீடுகள் மேல் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று குழந்தை. எச்சரிக்கை வந்தால் சாமான் எடுக்கக்கூட நிற்காதீர்கள். ஊர் எல்லை தாண்டினால் பனிக்கரடி, அதை விரட்டும் கருவி இல்லாமல் போகவே கூடாது.

அப்புறம், நல்ல கம்பளிக் காலுறை நிறைய எடுத்து வாருங்கள். நிலக்கரிச் சுரங்கக் காலத்துக் கரித்தூள் வீட்டுக்குள் வராமலிருக்க ஆரம்பித்த பழக்கம், இன்றும் பல ஹோட்டல்களிலும் அருங்காட்சியகத்திலும் வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டும். நமக்கு இது ஒன்றுதான் வந்த அன்றே சொந்த ஊர் மாதிரி இருக்கும்.

இருட்டைச் சொல்லாமல் விடக் கூடாது. அக்டோபர் கடைசியில் போகும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் எழும், மலை மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும். அன்று பழைய மருத்துவமனையின் படிக்கட்டில் ஊரே கூடி நிற்கும். என் முதல் வருடம், முகத்தில் வெயில் பட்டதும் அழுதுவிட்டேன்.

வேலைக் கடிதத்தில் வீடு பற்றி எழுதியிருக்கிறார்களா? இல்லையென்றால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.