அலுவலகத்தில் நன்றாக ஓடும் வொர்க்ஸ்டேஷன் மடிக்கணினி வீட்டில் நகர மறுப்பது ஏன்?

கயல், உட்லண்ட்ஸ்:

வணக்கம். சிங்கப்பூரின் ஊபியில் குளிரூட்டி, குழாய் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் பிஐஎம் (கட்டடத்தின் முப்பரிமாணக் கணினி மாதிரி) ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் தெங்கா கட்டுமானத் தளத்துக்குப் போக வேண்டும். பழைய மூன்று கிலோ மடிக்கணினியை எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தோள்பட்டை வலி நிரந்தரமாகிவிட்டது. அதனால் மூன்று மாதத்துக்கு முன் என் சொந்தப் பணத்தில், கனமான வடிவமைப்பு வேலைக்கான மெலிந்த வொர்க்ஸ்டேஷன் மடிக்கணினி ஒன்றைப் பயன்படுத்திய நிலையில் வாங்கினேன். 2018 மாடல், ஸியோன் இ-2176எம் செயலி, குவாட்ரோ பி2000 வரைகலைச் சில்லு, 16 ஜிபி நினைவகம், எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. விலை 850 சிங்கப்பூர் வெள்ளி.

இதன் விசைப்பலகையும் திரையும் எனக்கு மிகவும் பிடித்துவிட்டன. இதை விட்டுவிட எனக்கு மனமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அலுவலகத்தில், கட்டட மாதிரிகளை உருவாக்கும் ரெவிட் மென்பொருள் நன்றாகவே ஓடுகிறது. வீட்டில்தான் சிக்கல். பிள்ளை தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் அதே கட்டட மாதிரி, அதே கோப்பு, ஆனால் ஒரு வெட்டுத்தோற்றம் (கட்டடத்தை வெட்டிப் பார்ப்பது போன்ற காட்சி) திறக்கப் பதினொரு நிமிடம் ஆகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கட்டட அனுமதிக்கான அரசின் இணையத்தளமான கோர்நெட் எக்ஸ் வந்தபின் முப்பரிமாண மாதிரியையே சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், அதற்கான ஐஎப்சி-எஸ்ஜி வடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்து சரிபார்க்கும் வேலை பெரும்பாலும் இரவில்தான் என் தலையில் விழுகிறது. போன வாரம் விடியற்காலை இரண்டரை மணி வரை விழித்திருந்தேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏர்கான் கிடையாது. சூடுதான் காரணம் என்று நினைத்து மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பயனில்லை. ஒரு கடையில், செயலியின் சூட்டை வெளியே கடத்தும் வெப்பப் பசையை மாற்ற 80 வெள்ளி கேட்கிறார்கள். மாற்றலாமா? அல்லது இதை விற்றுவிட்டுப் பழையபடி தடித்த கணினிக்கே திரும்ப வேண்டுமா?

வேலு, செங்காங்:

80 வெள்ளி பெரிய தொகை இல்லை, மாற்றிவிடுங்கள். ஆறேழு ஆண்டு ஓடிய கணினியில் பசை காய்ந்திருக்கும், விசிறியில் தூசி அடைந்திருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தத் தூசி களிம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். என் கணினியில் பசை மாற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. மேசையில் வைக்கும்போது பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள், காற்று அடியிலிருந்துதான் உள்ளே போகிறது.

நூர்தீன், பிடோக்:

கயல், கடைக்குப் போகும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். வீட்டில் மந்தமாக இருக்கும்போது கணினியின் விசிறி இரைகிறதா? வீட்டில் எந்த சார்ஜரைப் போடுகிறீர்கள்?

கயல், உட்லண்ட்ஸ்:

விசிறிச் சத்தமே இல்லை அண்ணன். நீங்கள் கேட்ட பிறகுதான் அதை யோசிக்கிறேன், அலுவலகத்தில் நன்றாக இரையும். கணினியோடு வந்த சார்ஜர் செங்கல் போல் கனக்கிறது, அதை அலுவலக மேசையிலேயே விட்டுவிட்டேன். வீட்டில் என் கணவருடைய 65 வாட் டைப்-சி சார்ஜரைப் போடுகிறேன். மின்கலம் நிறைகிறது என்றுதான் காட்டுகிறது.

நூர்தீன், பிடோக்:

அப்படியென்றால் 80 வெள்ளியைப் பையிலேயே வையுங்கள். சூடேறித் திணறும் கணினி முதலில் விசிறியை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும். விசிறி அமைதியாக இருக்க, கணினி மட்டும் மந்தமாக இருந்தால் அதற்குத் தேவையான மின்சாரம் போய்ச் சேரவில்லை. பதினைந்து ஆண்டாக நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிக்கிறேன். மெலிந்த வொர்க்ஸ்டேஷன் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான்.

உங்கள் செயலிக்கு மட்டும் 45 வாட் கணக்கு, முழு மூச்சில் ஓடும்போது சிறிது நேரம் அதற்கு மேலும் இழுக்கும். குவாட்ரோவுக்குத் தனியாக வேண்டும், திரைக்கு வேண்டும், மின்கலமும் நிறைய வேண்டும். அந்த ஆண்டு வந்த மெலிந்த வொர்க்ஸ்டேஷன்களுக்கு 130 முதல் 150 வாட் வரை சார்ஜர் கொடுத்தார்கள். 65 வாட்டைக் கண்டதும் சில கணினிகள் குறைவதை மின்கலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வேறு சில, செயலியின் வேகத்தை அடியோடு இறக்கித் தங்களைக் காத்துக்கொள்ளும்.

இன்றிரவே சோதித்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் செயலிப் பகுதியைத் திறந்து, ரெவிட்டில் வெட்டுத்தோற்றத்தைத் திறக்கும்போது வேகம் என்ன என்று பாருங்கள். உங்கள் செயலியின் அடிப்படை வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.4. அங்கே 0.8 போல ஒரு எண் அசையாமல் நின்றால் காரணம் சார்ஜர்தான். ரெவிட்டில் பெரும்பாலான வேலை செயலியின் ஒற்றை மையத்தின் (கோர்) வேகத்தை நம்பியே நடப்பதால், ஆறு மையம் இருந்தும் இந்த இடத்தில் உதவாது.

திராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் ‘பிடி ப்ரோக்ஹாட்’ என்ற குறியை எடுத்துவிட்டால் வேகம் திரும்பும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். கணினி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் தடை அது. அதை விலக்கி 65 வாட் சார்ஜரிலேயே ஓட்டினால் சார்ஜரும் மின்கலமும்தான் அடி வாங்கும்.

பெரிய டைப்-சி சார்ஜர் வாங்கிவிடலாம் என்றும் தோன்றும். டைப்-சி வழியே மின்சாரம் தருவதற்கான விதியான யூஎஸ்பி பவர் டெலிவரி அந்தக் காலத்தில் 100 வாட்டோடு நின்றது. 240 வாட் வரை போகும் விதி 2021இல்தான் வந்தது, 2018 கணினிக்கு அதனால் பலனில்லை. அந்த 100 வாட்டுக்கும் 5 ஆம்பியர் தாங்கும் கேபிள் வேண்டும். சாதாரண 3 ஆம்பியர் கேபிளில் 60 வாட்டுக்கு மேல் போகாது. உங்கள் கணினிக்கு உரிய சார்ஜரில் இன்னொன்றை வாங்கி வீட்டில் வைப்பதே வழி.

வேலு சொன்ன பசை மாற்றுவதும் ஒருநாள் தேவைப்படும், அதை மறுக்கவில்லை. அதற்கு முன், செயலி நீண்ட நேரம் இழுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பை 38 வாட் அளவுக்கு இறக்கிப் பாருங்கள். ஒற்றை மைய வேகம் அதனால் பெரிதாகக் குறையாது, உள்ளங்கை வைக்கும் இடம் சுடாது. செயலியின் மின்னழுத்தத்தைக் குறைக்கச் சொல்லும் பழைய யோசனைகள் இப்போது பெரும்பாலும் பலிக்காது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புகளில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

செல்வி, கிளமெண்டி:

நினைவகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 16 ஜிபி என்பது ஒரே நினைவகக் குச்சியா, இரண்டா? ஒரே குச்சி என்றால் நினைவகம் ஒற்றை வழியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ரெவிட்டுக்கு, கோப்பின் அளவைப் போல் இருபது மடங்கு நினைவகம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 600 எம்பி மாதிரிக்கே 12 ஜிபி ஆகிவிடும், இணைத்திருக்கும் கட்டடக்கலை மாதிரியும் கட்டமைப்பு மாதிரியும் அதற்கு மேல். உங்களுடையது குச்சியைக் கழற்றி மாற்றக்கூடிய தலைமுறை, இது பெரிய வசதி. பின்னால் வந்த மெலிந்த மாடல்கள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஸியோன் என்பதால் பிழைதிருத்தும் இசிசி குச்சி உள்ளே இருக்கலாம். அதையும் சாதாரணக் குச்சியையும் கலக்கக் கூடாது, கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதைப் படித்துவிட்டுப் பழைய வொர்க்ஸ்டேஷன் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இவை பெரும்பாலும் நிறுவனங்கள் குத்தகை முடிந்து விட்டவை. நான் வாங்கியதில் விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்தவுடன் முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் நுழைவுத் திரை வந்து நின்றது. நிறுவனக் கணினிகளைத் தானாக அமைக்கும் ஆட்டோபைலட் சேவையில் இருந்த பதிவை அவர்கள் நீக்காமலே விற்றிருக்கிறார்கள். எத்தனை முறை மறுபடி நிறுவினாலும் அது போகாது, பதிவு இருப்பது மைக்ரோசாப்ட்டிடம். கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அந்த நிறுவனத்துக்கு எழுதி, கெஞ்சி, அவர்கள் நீக்கித் தர ஐந்து வாரம் ஆனது. பணம் கொடுக்கும் முன்பே கைப்பேசி இணையத்தில் இணைத்து, விண்டோஸை முதலிலிருந்து தொடங்கச் சொல்லிப் பாருங்கள். பயாஸில் நுழைந்து ஏதாவது ஒரு அமைப்பை மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். அங்கே நிர்வாகி கடவுச்சொல் இருந்தால், காசு வடிவ பேட்டரியைக் கழற்றி அழிக்கும் வித்தை இந்த வகைக் கணினிகளில் பொதுவாக எடுபடாது.

கயல், உட்லண்ட்ஸ்:

நூர்தீன் அண்ணன், 0.79. நேற்று இரவு அந்த எண்ணைப் பார்த்ததும் என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று மாத இரவுகளை இந்த எண்ணிடம் பறிகொடுத்திருக்கிறேன்.

இன்று அலுவலக சார்ஜரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதே கூடம், அதே வெக்கை. வேகம் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனது, விசிறி இரைந்தது, வெட்டுத்தோற்றம் ஐம்பது விநாடிக்குள் திறந்தது. ஐஎப்சி ஏற்றுமதியைத் தொடங்கிவிட்டுப் பாத்திரம் கழுவித் திரும்புவதற்குள் முடிந்திருந்தது. நீங்கள் சொன்ன 38 வாட் வரம்பையும் வைத்துவிட்டேன். எப்போதும் மின்சாரத்தில் இருப்பதால் மின்கலம் 80 சதவீதத்தோடு நிற்கும்படியும் மாற்றியிருக்கிறேன்.

கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் இதே சார்ஜர், பயன்படுத்தியது, 55 வெள்ளிக்கு இருக்கிறதாம். செல்வி, அடிமூடியைத் திறந்து பார்த்தேன். ஒரே குச்சிதான், இசிசி இல்லை, டிடிஆர்4 2666. சனிக்கிழமை மதியம் போகிறேன், குச்சியைக் கழற்றிக் கையோடு எடுத்துச் சென்று அதற்கு இணையாகவே கேட்கிறேன்.