இறக்கையின் நடு இணைப்புக்கு எந்தப் பசை போடலாம்?

வணக்கம் நண்பர்களே. சேலத்தில் இருந்து எழுதுகிறேன். பத்தாவது படிக்கும் மகளும் நானும் சேர்ந்து எடை குறைந்த பால்சா மரத்தில் ஒரு மாதிரி விமானம் செய்தோம். இறக்கை 120 செ.மீ. போன ஞாயிறு தரையிறங்கும்போது அது நட்டநடுவில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் மரநார் ஒன்றுகூடப் பிய்யவில்லை. பசை மட்டும் கண்ணாடிச் சில்லு மாதிரி விட்டு வந்திருக்கிறது. போட்டது தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூ. சின்னச் சின்ன இணைப்புகளுக்கு அது அருமை. ஆனால் காய்ந்தால் நொறுங்கும் தன்மை, அடி வாங்கும் இடத்துக்கு ஆகாது என்று இப்போது புரிகிறது.

அடுத்து எபாக்சி, அதாவது இரண்டு பாகங்களைக் கலந்து போடும் பசை, போடப் போகிறேன். 5 நிமிடத்தில் இறுகத் தொடங்கும் வகையா, 30 நிமிட வகையா? இரண்டு பாதிகளையும் கோணம் பார்த்து நிறுத்த நேரம் வேண்டும், அதனால் 30 பக்கம்தான் மனசு போகிறது. ஆனால் வேலை நடப்பது ஏற்காட்டில், மாமனார் வீட்டில். சுமார் 1,500 மீட்டர் உயரம், சாயங்காலம் ஆனால் பனிமூட்டம். குளிரில் எபாக்சி மெதுவாகத்தான் இறுகும். ராத்திரி முழுக்கக் கட்டி வைத்தால் போதுமா, பக்கத்தில் குண்டு பல்பு எரியவிட வேண்டுமா? சூப்பர் க்ளூவோ காற்றின் ஈரத்தில் இறுகுவது. அங்கே திறந்த குப்பி சீக்கிரமே கெட்டியாகிவிடுகிறது. நீங்கள் எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?

அப்புறம், வால் பகுதியைத் தெர்மாகோலில் செய்ய மகளுக்கு ஆசை. துண்டு ஒன்றில் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம், கடலை அளவு குழி விழுந்துவிட்டது. தெர்மாகோலை அரிக்காத சூப்பர் க்ளூ செவ்வாய்ப்பேட்டை, ஐந்து ரோடு பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்? சனிக்கிழமை மலை ஏறுகிறோம், அதற்குள் சொன்னால் வாங்கிக்கொண்டே போய்விடுவோம்.