மில்டன் புயலின் பலம் குறைகிறதே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை விட்டுக் கிளம்பத்தான் வேண்டுமா?

புதுக்குடித்தனம் | 8 அக்டோபர் 2024, காலை

வணக்கம். நாங்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜோன் பி என்ற வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிறோம். ஃப்ளோரிடாவுக்குப் புதிது. மில்டனின் காற்றுக்கு நேற்று இரவு மணிக்கு 180 மைல் என்று போட்டார்கள், இன்று காலை 155. கேட்டகிரி 5 போய் 4 ஆகிவிட்டது, கரையேறும்போது 3தான் இருக்குமாம். புயல் போகும் வழியைக் காட்டும் படத்தில் நடுக்கோடும் கொஞ்சம் தெற்கே நகர்ந்த மாதிரி தெரிகிறது.

இரண்டு வாரம் முன்னால் ஹெலீன் புயல் வந்தபோது தண்ணீர் பக்கத்துத் தெரு முனையோடு நின்றுவிட்டது. அந்தத் தெருவில் இன்னும் ஊறிப்போன மெத்தையும் சோபாவும் பெயர்த்துப் போட்ட சுவர்ப் பலகையும் ஆள் உயரத்துக்குக் கிடக்கின்றன. என் கணவர், "ஹெலீன் கேட்டகிரி 4, அதுக்கே நம்ம வீட்டுக்கு வரல, இதுக்கா வரப்போகுது" என்கிறார். மாமனார் மாமியாரும் வந்திருக்கிறார்கள். ஐ-75 நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்கின்றன, பாதி கேஸ் ஸ்டேஷன்களில் பெட்ரோல் இல்லை என்று பம்புக்குப் பை மாட்டிவிட்டார்கள். வயதானவர்களை வைத்துக்கொண்டு ஜார்ஜியா வரை போக வேண்டுமா?

வளைகுடாக்கரை | 8 அக்டோபர், காலை

தங்கச்சி, ஜோன் பி-க்கு வெளியேறும் உத்தரவு வந்தாயிற்று, கிளம்புங்கள். காரணத்தை வண்டியில் போகும்போது உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டலாம்.

கேட்டகிரி என்பது காற்றின் வேகம், அவ்வளவுதான். கடல் எவ்வளவு உள்ளே வரும் என்று அது சொல்லாது. 2008இல் ஐக் புயல் வெறும் கேட்டகிரி 2ஆகத்தான் டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஏறியது. பக்கத்தில் பொலிவார் தீபகற்பத்தில் வீடுகள் இருந்த இடத்தில் அவற்றைத் தாங்கிய தூண்கள்தான் மிச்சம். மேலும், புயல் ஆழ்கடலில் 5ஆக இருந்தபோது தள்ளிவிட்ட தண்ணீர் காற்று குறைந்த உடனே திரும்பிப் போய்விடாது. காற்றின் வேகம் குறையும்போது புயல் பல சமயம் அகலமாகவும் ஆகும்.

ஹெலீனை வைத்துக் கணக்குப் போடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதன் கண் உங்களுக்கு நூறு மைலுக்கு மேல் தள்ளி, கடலிலேயே போய், வடக்கே பெர்ரி பக்கம் ஏறியது. அவ்வளவு தூரத்தில் போனதற்கே உங்கள் ஊரில் 6 அடி. இது நேராக வருகிறது.

நான் ஃபோர்ட் மயர்ஸ். 2022இல் இயன் வந்தபோது எல்லோரும் டாம்பா டாம்பா என்றார்கள், எங்கள் பக்கம் கணிப்புப் படத்தில் வரையும் கூம்பின் ஓரத்தில் இருந்தது. கடைசியில் கேயோ கோஸ்டாவில் 150 மைல் காற்றோடு ஏறியது. ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் 10 முதல் 15 அடி தண்ணீர். பின்னால் போய்ப் பார்த்தேன்: ஒரு வீட்டுச் சுவரில் சேற்றுக் கோடு சீலிங் ஃபேனுக்கு ஒரு சாண் கீழே ஓடியது, ஃபேன் இறக்கைகள் வாழை இலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. கூம்பு காட்டுவது புயலின் மையம் எங்கெங்கே போகலாம் என்பதை மட்டும். பழைய கணிப்புகள் எவ்வளவு தவறின என்பதை வைத்து வரைகிறார்கள். மூன்றில் ஒரு தடவை மையம் அதற்கு வெளியேகூடப் போகும். நடுக்கோட்டை அழித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

மயாமி ஹரிகேன் சென்டர் அறிக்கை காலை 5, 11, மாலை 5, இரவு 11க்கு வரும். இடையில் 2க்கும் 8க்கும் சின்ன அறிக்கை. அதில் ஸ்டார்ம் சர்ஜ், அதாவது புயல் தள்ளிவரும் கடல்நீர், பற்றிய பகுதிக்கு நேராகப் போங்கள். ஆன்க்லோட் ஆறு முதல் எங்கிள்வுட் வரை, டாம்பா பே என்ற உங்கள் விரிகுடா உட்பட, 10 முதல் 15 அடி. தரைக்கு மேல் அவ்வளவு.

ரேடார்பிரியன் | 8 அக்டோபர், மதியம்

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மில்டன் மேற்கிலிருந்து வருவதால், கண்ணுக்குத் தெற்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து அடிக்கும், வடக்கே இருப்பவர்களுக்குத் தரையிலிருந்து. கண் உங்களுக்கு வடக்கே ஏறினால் பே முழுக்கத் தண்ணீர் ஏறும். அந்தக் கரையோரக் கடல் வெகுதூரம் ஆழமில்லாதது, தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தெற்கே ஏறினால் பேயிலிருந்து தண்ணீர் வெளியே போய்விடும். இயனின்போது டாம்பாவில் ஆட்கள் வற்றிய தரையில் நடந்தார்களே. கோடு தெற்கே நகர்வது உங்களுக்கு நல்ல செய்திதான்.

வளைகுடாக்கரை | 8 அக்டோபர், மதியம்

தம்பி, இருபது மைல் வித்தியாசத்தில் ஒன்று வெள்ளம், ஒன்று வறட்சி. ஒரு நாளுக்கு முன்னால் அந்த இருபது மைலுக்கு யார் ஜாமீன்?

லேக்லண்ட்காரி | 8 அக்டோபர், மதியம்

ஜார்ஜியா எதற்கு? தண்ணீருக்குத்தான் ஓடுகிறோம், ஜோனுக்கு வெளியே கெட்டியான வீடு கிடைத்தால் போதும். உள்நாட்டில் இருக்கும் எங்கள் லேக்லண்ட் பக்கம் வாருங்கள். நாளை காலைக்குள் பாலம் தாண்டிவிடுங்கள். காற்று பலமானதும் ஸ்கைவே பாலத்தையும் மற்ற பாலங்களையும் மூடிவிடுவார்கள், அப்புறம் உங்கள் பினெல்லஸ் கவுன்டி தீவு மாதிரிதான். மாமனாரின் மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட் எல்லாம் கையோடு. எலக்ட்ரிக் கார் இருந்தால் அதையே ஓட்டிக்கொண்டு வாருங்கள். உப்புத் தண்ணீர் பட்ட பேட்டரி பிறகு தானாகத் தீப்பிடிக்கிறது.

புதுக்குடித்தனம் | 11 அக்டோபர்

எல்லோருக்கும் நன்றி. லேக்லண்டில் தங்கிவிட்டு இன்று திரும்பிவிட்டோம். கடல் வரவில்லை, பேயில் தண்ணீர் இறங்கித்தான் போனதாம். ஆனால் ஊரில் 18 அங்குலத்துக்கு மேல் மழை. டிராபிகானா ஃபீல்ட் பேஸ்பால் அரங்கின் கூரை கிழிந்து தொங்குகிறது, டவுன்டவுனில் ஒரு கிரேன் கட்டிடத்தின் மேலேயே சரிந்து கிடக்கிறது. கணவர் "பாத்தியா, வீணா ஓடினோம்" என்று ஆரம்பித்துவிட்டார். கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்கிறார்கள். ஜெனரேட்டர் இரவல் கிடைத்திருக்கிறது, பால்கனியில் வைக்கலாமா?

வளைகுடாக்கரை | 11 அக்டோபர்

புயலின் கண் சியெஸ்டா கீயில் ஏறியது. உங்களுக்குத் தெற்கே முப்பத்தைந்து மைல்தான். கண்ணுக்குத் தெற்கே வெனிஸ் பக்கம் இருப்பவர்களிடம் உங்கள் கணவரை ஒரு தடவை பேசச் சொல்லுங்கள். ஃப்ளோரிடாவின் எதிர்க் கரையில், செயின்ட் லூசியில், புயல் ஏறுவதற்கு முன்பே டொர்னேடோ என்ற சுழல்காற்றில் ஆட்கள் இறந்துபோனார்கள். அது எந்தக் கூம்பிலும் தெரியாது.

பால்கனி கூடவே கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், வாசனை இராது, தூங்கினவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, வெட்டவெளியில் வைத்து, புகைக்குழாயை ஜன்னல்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். அப்படி இடமில்லை என்றால் ஜெனரேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லேக்லண்டுக்கே போய்விடுங்கள்.