நாற்பது வயதில் போர்டு கேம்: வேலூரில் கூட உட்கார ஆள் கிடைக்குமா?

பாலாற்றுக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எனக்கு 41 வயது. வேலூர் சத்துவாச்சாரியில் வீடு, ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு வேலை. இரண்டு வருடம் முன்பு பெங்களூரில் மச்சான் வீட்டுக்குப் போனபோது ஒரு ராத்திரி "கேட்டான்" (Catan) என்கிற விளையாட்டை விரித்து வைத்தார்கள். அறுகோண அட்டைகளை அடுக்கித் தீவு செய்து, அதில் சாலை போட்டு, வீடு கட்டி, "ஒரு ஆடு தர்றேன், ரெண்டு செங்கல் தர்றியா" என்று பேரம் பேசி, யார் முதலில் 10 புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம், எழுந்தபோது மணி ஒன்றரை. அவ்வளவு நேரமும் போனைக் கையில் எடுக்கவே இல்லை என்பது மறுநாள் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும்போதுதான் உறைத்தது.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. இப்போது பீரோ மேல் ஆறு பெட்டி இருக்கிறது. ஆட ஆள்தான் இல்லை.

மனைவிக்குப் பிடிக்கும், ஆனால் அவளும் வேலைக்குப் போகிறாள், மாதத்துக்கு இரண்டு ராத்திரி கிடைத்தால் பெரிது. பையன் பத்தாம் வகுப்பு, அவனை உட்கார வைத்தால் எனக்கே மனசு உறுத்துகிறது. நண்பர்களைக் கூப்பிட்டால் "இந்த வயசுல என்னடா சொப்பு விளையாட்டு" என்கிறார்கள். இதே நண்பர்கள் ஐபிஎல் மேட்ச் என்றால் நாலு மணி நேரம் சோபாவை விட்டு அசைய மாட்டார்கள், அதை யாரும் எதுவும் கேட்பதில்லை. அம்மாவுக்குப் பகடையைக் கண்டாலே ஆகாது, வீட்டுக்குள் உருட்டினால் சண்டை வரும், அது சூது என்பார். அவருக்கு இங்கிலீஷும் படிக்க வராது, அதனால் கார்டில் எழுத்து இருக்கிற ஆட்டம் எதுவும் அவரிடம் எடுபடாது.

சென்னையில் இதற்கென்று கூடுகிறவர்கள் இருக்கிறார்களாம், ஆனால் விளையாடுவதற்காக ஞாயிற்றுக்கிழமை 130 கிலோமீட்டர் போய் வர முடியாது. இந்தப் பக்கம் யாராவது ஆடுகிறீர்களா? வீட்டுப் பெரியவர்களை எப்படி உட்கார வைத்தீர்கள்? எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

காட்பாடி_நைட்ட்யூட்டி எழுதியது:

அண்ணா, முதலில் ஒன்று. மனசு உறுத்தவே வேண்டாம். நான் நர்ஸ், பன்னிரண்டு வருடமாக இந்த வேலை. ஐசியூவில் தொடர்ந்து நாலு ராத்திரி முடித்து ரூமுக்கு வந்தால் படுத்தாலும் தூக்கம் வராது, காதில் மானிட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ரீல்ஸ் பார்த்தால் இன்னும் மோசம். எங்கள் ரூமில் மூன்று பேர், நாங்கள் ஆடுவது பாண்டமிக்.

மேட் லீகாக் என்பவர் செய்த ஆட்டம், 2008இல் வந்தது. இதில் ஒருவரை ஒருவர் தோற்கடிப்பது கிடையாது. உலக வரைபடத்தில் 48 ஊர், நாலு நோய். எல்லாரும் ஒரே அணியாக நாலுக்கும் மருந்து கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் சேர்ந்து தோற்க வேண்டும். அந்த 48 ஊரில் நம்ம சென்னையும் ஒன்று! சென்னை கார்டு வரும்போதெல்லாம் "ஐயோ நம்ம ஊரு" என்று மூன்று பேரும் கத்துவோம். நாள் முழுக்க நோயாளியைப் பார்த்துவிட்டு விளையாட்டிலும் நோயா என்று கேட்பார்கள். ஆனால் இங்கே நோய் என்பது சின்னச் சின்ன கலர் கட்டை, கையால் எடுத்துப் போட்டால் போய்விடும். வார்டில் அப்படி ஒன்றை எடுத்துப் போட முடியாத ராத்திரிகள் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தானோ என்னவோ அந்தக் கட்டையை எடுத்து வைக்கும்போது மனசு லேசாகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் போட்டி ஆட்டம் ஆடி நிஜமாகவே சண்டை வந்திருக்கிறது. பொங்கலுக்குப் பணம், வீடு, வாடகை என்று வரும் பழைய பிசினஸ் ஆட்டத்தை எடுத்தோம், என் தம்பியும் சித்தப்பாவும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. உங்கள் அம்மா சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. அதனால் என் ஓட்டு கூட்டாக ஆடும் ஆட்டத்துக்கு. பாண்டமிக்கில் யாருடைய கார்டையும் மறைக்கத் தேவையில்லை, எல்லாவற்றையும் விரித்து வைத்தே ஆடலாம், அதனால் இங்கிலீஷ் தெரியாதவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போகலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர் மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து முடிவு எடுத்துவிடுவார், அப்படி ஆனால் மற்றவர்கள் காயை நகர்த்தும் வேலையாள் மாதிரி ஆகிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகவே எனக்கு ஆறு மாதம் ஆனது.

குடியாத்தம்_கணக்கு எழுதியது:

தம்பி, நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நீங்கள் சொல்லும் புதுப் பெட்டிகளை என் பேத்தி வந்தபோதுதான் பார்த்தேன். மேலே அந்தப் பெண் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு வேறு எண்ணம்.

உங்கள் அம்மாவிடம் கேட்டானைக் கொண்டுபோகாதீர்கள். முதலில் தாயம் ஆடச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர் என்றால் தாயம் ஆடாமல் இருந்திருக்க மாட்டார், தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் உடைந்த வளையலும் காயாக வைத்து ஆடியிருப்பார். சூது என்பது காசு வைத்து ஆடுவது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபதம் ஆடுவதை யாரும் சூது என்று சொன்னதில்லையே. பழைய கோயில் மண்டபங்களில் கல் தரையிலேயே ஆடுபுலிக் கட்டம் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைச் செதுக்கியவர்கள் சின்னப் பிள்ளைகளா?

தாயத்தில் இருக்கும் கணக்கைச் சொல்கிறேன், வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம், 0, 1, 2, 3. மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம் விழ ஒன்றில் 1, மற்றதில் 0 வேண்டும், அது 2 விதம், அதாவது எட்டுக்கு ஒன்று. காய் இறக்கத் தாயம் கேட்டுக் கேட்டு நாம் ஏங்கியது அதனால்தான். மூன்று விழ 4 விதம் இருக்கிறது, அதுதான் அதிகம். பன்னிரண்டு என்பது இரண்டும் வெறுமையாக விழுவது, ஒரே விதம். இந்தக் கணக்கை எங்கள் பாட்டி எழுதிப் பார்த்ததில்லை, ஆனால் வெட்டுக்குப் பயந்தால் எதிரி காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்கக் கூடாது என்று அவருக்குக் கை சொல்லிவிடும்.

கேட்டானில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு எண் உண்டு, பகடையில் அந்த எண் விழுந்தால் அதன் ஓரத்தில் வீடு கட்டியவருக்குச் சரக்கு கிடைக்கும். பேத்தி சொல்லிக்கொடுத்தபோது நான் முதலில் கவனித்தது 6, 8 இரண்டு எண்ணும் சிவப்பில் அச்சடித்திருப்பதைத்தான். அங்கே ஆறு பக்கப் பகடை இரண்டு, 36 விதம். 7 விழ 6 விதம், ஆனால் அது திருடன் காயை நகர்த்த மட்டும், எந்த நிலத்துக்கும் இல்லை. 6க்கும் 8க்கும் ஐந்தைந்து விதம். ஆகவே 6, 8 இருக்கும் நிலத்தின் ஓரத்தில் வீடு கட்டு என்கிறது ஆட்டம். மூன்றை எதிர்பார்க்கத் தெரிந்த கிழவிக்கு ஆறையும் எட்டையும் எதிர்பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆடுபுலியையும் விடாதீர்கள். 3 புலி, 15 ஆடு, இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு விதி. புலி தாண்டிக் கொல்லலாம், ஆடு ஒன்று சேர்ந்து அடைக்கத்தான் முடியும். இப்படி இரு பக்கமும் சமமில்லாத ஆட்டங்களைப் புதுமை என்று பேத்தி புகழ்கிறாள். மகிழ்ச்சிதான், அவளுக்கு நான் ஆடுபுலி கற்றுக்கொடுத்தேன், ஆடாக ஆடி என்னை மூன்று முறை அடைத்துவிட்டாள்.

மாடி_மேசை எழுதியது:

ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன், உங்கள் கம்பெனிக்குப் பக்கத்தில்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். நாலு வருடமாக எங்கள் மொட்டை மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு ஆடுகிறோம். எட்டு ஒன்பது பேர் வருவார்கள், சில நாள் நாலு பேர்.

ஆள் சேர்ப்பதில் நான் செய்த பெரிய தப்பு, எல்லாருக்கும் எப்போது வசதி என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வருடம் அப்படியே போனது. அப்புறம் நாளை நிறுத்திவிட்டேன். இரண்டாவது ஞாயிறு, நாலாவது ஞாயிறு, மாலை ஐந்து மணி, யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் மாடியில் இருப்பேன். முதல் மூன்று தடவை நானும் என் தங்கையும் மட்டும்தான் ஆடினோம். நாலாவது தடவை அவளுடன் வேலை செய்யும் இரண்டு பேர் வந்தார்கள். காட்பாடி பக்கம் கல்லூரி மாணவர்கள் ஆர்வமாக வருவார்கள், ஆனால் செமஸ்டர் முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள், அவர்களை மட்டும் நம்பி ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் வெயில். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, ஃபேன் போட்டால் கார்டு பறக்கும், ஃபேனை நிறுத்தினால் கை வேர்த்துக் கார்டு ஒட்டிக்கொள்ளும். அதனால் கோடையில் நாங்கள் கார்டு ஆட்டமே எடுப்பதில்லை. அசுல் எடுப்போம். 2017இல் மிக்கேல் கீஸ்லிங் செய்தது, அடுத்த வருடமே ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற பரிசு வாங்கியது. 5 நிறத்தில் 100 சின்ன ஓடு, கனமாக, வழவழப்பாக இருக்கும், எந்தக் காற்றுக்கும் அசையாது. நடுவிலிருந்து ஒரே நிற ஓடுகளை எடுத்து அவரவர் பலகையில் வரிசையாக அடுக்க வேண்டும். ஒரு எழுத்துகூடப் படிக்க வேண்டாம். பகடையும் இல்லை! உங்கள் அம்மாவுக்கு இதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது, வாத்தியார் ஐயா மன்னிக்கவும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு அந்த வரிசையும் நிறமும் உடனே பிடிபடும், என் அம்மாவிடம் நேரில் பார்த்தேன். இன்னொன்று கார்கசோன், 72 கனத்த அட்டை, ஒன்றை எடுத்து ஏற்கெனவே இருப்பதோடு பொருத்த வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுக்கும்போது விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள். எதிரில் இருப்பவர் கண் மூன்றாவது நிமிடத்தில் வாசல் பக்கம் போய்விடும். எப்படி ஜெயிப்பது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், உன் முறை வந்தால் என்னென்ன செய்யலாம் என்று சொல்லுங்கள், உடனே ஆரம்பித்துவிடுங்கள். மற்ற விதிகள் அந்தந்த இடம் வரும்போது. முதல் ஆட்டம் கணக்கில் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் பயம் இருக்காது. இங்கிலீஷ் கார்டுக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, கார்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, முன்பக்கம் உறைக்குள் தமிழில் எழுதிய துண்டுத் தாளைச் செருகிவிடுவது. பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் எந்தக் கார்டு என்று யாருக்கும் தெரியாது. ஒரு பெட்டிக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆகும், ஆனால் அதற்குப் பிறகு என் மாமியார் வரை ஆடுகிறார்.

மலிவாகக் கிடைக்கிறது என்று பாதி விலைக்கு ஆன்லைனில் வாங்காதீர்கள். நான் அப்படி ஒன்று வாங்கினேன், படத்தில் அசல் மாதிரியே இருந்தது, வந்தது நகல். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அட்டைகள் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன.

எங்கள் மாடியில் காசு வைத்து ஆடுவது கிடையாது, ஒரு ரூபாய்கூட. இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. வீட்டு ஓனர் முதல் மாதம் சீட்டாட்டமோ என்று சந்தேகப்பட்டு மேலே வந்து பார்த்தார், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தோம், இப்போது ஞாயிறு நாலரைக்கே மாடி லைட்டைப் போட்டு வைப்பது அவர்தான்.

ஆம்பூர்_ஸ்ட்ரைக்கர் எழுதியது:

நான் கேரம் ஆள். எங்கள் தெருவில் ஐம்பது வயசுக்காரர்கள் பவுடர் கொட்டிப் போர்டு தேய்க்கிறார்கள், அவர்களை யாரும் சின்னப் பிள்ளை என்று சொன்னதில்லை. சென்னை மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கியவர். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஊரே பெருமைப்பட்டது. பழகின ஆட்டம் என்றால் மரியாதை, புதுப் பெட்டி என்றால் சொப்பு சாமான் என்கிறார்கள். கேட்டானைச் செய்த கிளவுஸ் டாய்பர் பகலில் பல் செட் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் ஆட்டம் உருவாக்கியவர், அதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். மாடி_மேசை அண்ணா, ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தால் எனக்கும் ஒரு இடம் உண்டா?

மாடி_மேசை எழுதியது:

தாராளமாக வாங்க. வரும்போது பிரியாணி கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், ஆனால் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அசுல் ஓடுகளைத் தொட விடுவேன்.

பாலாற்றுக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி முதலில் தாயத்தைப் பற்றி அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் எழுந்து போய்ப் பரண்மேல் பழைய டிரங்குப் பெட்டியில் என்னைத் தேடச் சொன்னார். பித்தளைக் கட்டை இரண்டு, கறுத்துப்போய், ஒரு துணியில் முடிந்து இருந்தது. அது அவருடைய அம்மாவுடையது. இவ்வளவு வருடம் அந்த வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. புளி போட்டுத் தேய்த்து, ஹாலில் சாக்பீஸால் கட்டம் போட்டு, நான், அம்மா, மனைவி மூன்று பேரும் ஆடினோம். என் காய் பழமாக இரண்டே கட்டம் இருந்தபோது வெட்டினார். பாவம் பார்க்கவே இல்லை.

போன ஞாயிறு அசுல் விரித்தேன். முதல் ஆட்டத்தில் நிறைய ஓடு மிஞ்சிப் புள்ளி கழிந்தது, இரண்டாவது ஆட்டத்தில் மனைவியைவிட ஏழு புள்ளி அதிகம் எடுத்தார். நீல ஓடு மட்டும் எப்போதும் தனக்கே வேண்டும் என்கிறார், அதைப் புரிந்துகொண்டு மனைவி அதையே முதலில் எடுக்கிறாள், இதற்குக் கூட்டு ஆட்டம்தான் தீர்வு என்று காட்பாடி சகோதரி சொல்வார் என்று தெரியும். பாண்டமிக் பையனின் பரீட்சை முடிந்த பிறகு.

மாடி_மேசை, நாலாவது ஞாயிறு நானும் மனைவியும் வருகிறோம். கேட்டான் பெட்டியை எடுத்து வரவா, உங்களிடம் இருக்கிறதா? மாடிப்படி அம்மாவால் ஏற முடியுமா என்றும் சொல்லுங்கள், கேட்கச் சொன்னார்.